கிழிந்த தோளுக்குக் கத்தி எப்போது?

தென்னையும் பாக்கும் சூழ்ந்த அந்தமான் கிராமங்களில் தோள்தான் பிழைப்பு. பாக்குக் குலையை அறுக்கத் தொரட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். தேங்காய் உரிக்க, தரையில் நட்ட கடப்பாரையில் காயைக் குத்தி, உடம்பின் பாரத்தை முழுக்கத் தோளில் இறக்கித் திருக வேண்டும். மழை விட்டும் விடாமலும் பாசி படிந்து கிடக்கும் சரிவில் கால் வழுக்கினால் முதலில் தரையைத் தொடுவது நீட்டிய கை. அடி வாங்குவது தோள். குட்வில் எஸ்டேட் போன்ற ஓர் ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், சட்டை மாட்டவே கை மேலே வரவில்லை என்று போய் ஸ்கேன் எடுத்தால், "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்ற ஒரே வரியோடு வீடு திரும்புவார். வீட்டில் அடுத்து எழும் கேள்வி எல்லா ஊருக்கும் பொது: ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?

சென்னையில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி ஒரு ஆட்டோ சவாரித் தூரத்தில் இருக்கிறது. தீவில் இருப்பவருக்கும் சென்னைக்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பல் என்றால் ஏறத்தாழ மூன்று நாள், விமானம் என்றால் இரண்டு மணி நேரமும் அதற்கான பணமும். அதனால் இங்கே இரண்டு தவறுகள் சேர்ந்தே நடக்கின்றன. அவசரமில்லாத தோள் கடன் வாங்கிக் கடல் தாண்டுகிறது. அவசரமான தோள் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே எடுத்தாயிற்று.

ஜவ்வு என்று பேச்சில் சொல்வது தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு. தோள் மூட்டில் பந்து பெரியது, கிண்ணம் ஆழமே இல்லாதது. டீ சாஸரில் வைத்த எலுமிச்சை மாதிரி. அந்த எலுமிச்சை உருண்டு விழாமல் நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்து அதைப் போர்த்திப் பிடித்திருக்கின்றன. இதற்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். நான்கில் மேலே இருப்பது சுப்ராஸ்பைனேட்டஸ். கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் இந்த நாண்தான் பெரும்பாலும் கிழிவது.

கிழிவதிலும் இரண்டு விதம் உண்டு. புது வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிவது ஒன்று. பழைய வேட்டி மடிப்பிலேயே நைந்து இற்றுப்போவது இன்னொன்று. முதல் வேட்டியைத் தையற்காரர் சட்டென்று தைத்துவிடுவார். இரண்டாவதைத் தைத்தால், நூல் பலமாக இருந்தும் துணி நூலைத் தாங்காமல் பக்கத்திலேயே விட்டுப்போகும். தோள் அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவ உலகம் நூறு ஆண்டுக்கும் மேலாக வாதாடிவருவதன் சாரம் பெரும்பாலும் இந்த இரண்டு வேட்டிகளில் அடங்கிவிடும்.

நைந்து கிழிவது எவ்வளவு சகஜம் என்பதை ஜப்பானில் ஒரு மலைக் கிராமம் காட்டியது. அங்கே ஊர்மக்கள் 683 பேரின் இரு தோள்களையும், ஆக 1,366 தோள்களை, அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 2010-ல் வெளியான முடிவுப்படி 20.7 சதவீதத் தோள்களில் நாண் முழு ஆழத்துக்குக் கிழிந்திருந்தது. தோளில் எந்தத் தொந்தரவும் இல்லை என்று சொன்னவர்களிலேயே 16.9 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது. வந்தவர்கள் நோயாளிகள் அல்லர், ஊர்ப் பரிசோதனைக்கு வந்த சாதாரண மனிதர்கள் என்பதுதான் இந்த ஆய்வின் பலம். அதற்கும் முன்பு, 1995-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு வலியே இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தது. அறுபதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முழுதாகவோ பகுதியாகவோ கிழிசல் தெரிந்தது. வயதானால் தலை நரைப்பது போலத்தான் இதுவும்.

ஆகவே 62 வயதுக்காரர் ஒருவரின் ஸ்கேன் தாளில் "கிழிசல்" என்று அச்சாகியிருப்பதால் மட்டும் அவருடைய வலிக்கு அந்தக் கிழிசல்தான் காரணம் என்று ஆகிவிடாது. அது பத்து வருடமாக அங்கேயே சத்தமில்லாமல் இருந்திருக்கலாம். கழுத்தெலும்புத் தேய்மானம் தோளில் வலியாகத் தெரியலாம். தோள் இறுகிப்போயிருக்கலாம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளதாக 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். இறுகிய தோளில் தானாகவும் கையைத் தூக்க முடியாது, அடுத்தவர் தூக்கிவிட்டாலும் வராது. கிழிந்த தோளில் தானாக வராது. அடுத்தவர் தூக்கிவிட்டால் வந்துவிடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. எம்.ஆர்.ஐ.க்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு தோளையும் முன்னும் பின்னும் பார்த்து, கையைத் தூக்கிவிட்டுப் பார்க்கும் ஐந்து நிமிடம் அவ்வளவு மதிப்புள்ளது.

இப்போது முள்ளில் கிழிந்த வேட்டி. காலையில் தென்னை ஏறியவர் சரிவில் விழுகிறார். விழும்வரை கை தலைக்கு மேலே போனது. விழுந்த பிறகு போகவில்லை. எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். எலும்பு முறியவில்லை என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் குடும்பம் நிம்மதி அடைகிறது, மாத்திரையோடு வீட்டுக்குக் கிளம்புகிறது. ஆனால் எக்ஸ்-ரேயில் நாண் தெரியாது, எலும்புதான் தெரியும். இரண்டு வாரம் கழித்தும், வலி குறைந்த பிறகும், கை தோள் உயரத்துக்கு வரவில்லை என்றால், அல்லது அடுத்தவர் தூக்கி நிறுத்திய கை விட்டதும் தொப்பென்று விழுகிறது என்றால், அது அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ உடனே பார்க்க வேண்டிய தோள். நாற்பதைத் தாண்டியவருக்குத் தோள் மூட்டு விலகி, அதை ஏற்றிவைத்த பிறகும் கை எழாவிட்டால் அங்கேயும் இதே சந்தேகம் வர வேண்டும். நாட்டுக்கட்டுப் போட்டு ஒன்றரை மாதம் அசைக்காமல் வைப்பது எலும்புக்கு உதவலாம். அறுந்த நாண் அதனால் எலும்பில் போய் ஒட்டாது.

ஏன் அவசரம்? எலும்பிலிருந்து பிய்ந்த நாணைத் தசை தன் பக்கம் இழுத்துக்கொண்டே போகும், பிடி விட்ட ரப்பர் மாதிரி. வேலை இல்லாத தசை மெலியும். மெலிந்த இடத்தில் கொழுப்பு புகும். பிரெஞ்சு மருத்துவர் கூத்தாலியே 1994-ல் இந்தக் கொழுப்பு ஏறுவதை பூஜ்யத்திலிருந்து நான்கு வரை தரம் பிரித்தார். அந்த அளவுகோல் இன்றும் ஸ்கேன் அறிக்கைகளில் இருக்கிறது. மூன்று, நான்கு என்று போய்விட்ட தசையில் நாணை இழுத்துத் தைத்தாலும் பழைய பலம் திரும்புவது அரிது. ஏறிய கொழுப்பு தையலுக்குப் பிறகும் பெரும்பாலும் இறங்குவதில்லை. அதனால்தான் பெரிய அடியில் ஏற்பட்ட பெரிய கிழிசலைச் சில வாரங்களுக்குள் தைப்பது நல்லது என்றும், மூன்று நான்கு மாதத்தைத் தாண்டவிடக் கூடாது என்றும் தோள் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதிலும் ஒரு விலக்கு உண்டு. அடிபட்டு ஏற்பட்ட சிறிய சுப்ராஸ்பைனேட்டஸ் கிழிசலை மட்டும் எடுத்து ஸ்வீடனில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2020-ல் வெளியான முடிவில், தைத்தவர்களும் பயிற்சி மட்டும் செய்தவர்களும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஆனால் தைக்காதவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிழிசல் அதற்குள் பெரிதாகியிருந்தது.

நைந்த வேட்டிக்காரர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். விழவில்லை, அடிபடவில்லை, ஆறு மாதமாக இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை, அவ்வளவுதான். இவர்களுக்காக அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 'மூன்' என்ற குழுவாக ஆய்வு நடத்தின. அடிபடாமல் முழு ஆழக் கிழிசல் வந்த 452 பேருக்கு முதலில் பயிற்சி சிகிச்சை கொடுத்தார்கள். 2013-ல் வந்த முடிவில், இரண்டு ஆண்டுக் கணக்கில் சுமார் 75 சதவீதம் பேருக்கு அறுவை தேவைப்படவில்லை. வேண்டும் என்று போனவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே போனார்கள். மூன்று மாதத்தைத் தாண்டி நன்றாக இருந்தவர் பிறகு மேசைக்குப் போவது குறைவு. பத்து ஆண்டு கழித்தும் அறுவைக்குப் போனவர்கள் நான்கில் ஒருவரைச் சற்றே தாண்டியிருந்தார்கள்.

யார் போனார்கள் என்று அலசியபோது கிடைத்த விடை இந்தத் துறைக்கே புதிது. கிழிசலின் அளவோ வலியின் கடுமையோ அவ்வளவாகத் தீர்மானிக்கவில்லை. "பயிற்சியால் எனக்குச் சரியாகும்" என்று ஆரம்பத்தில் நம்பாதவர்களே அதிகம் கத்திக்குப் போனார்கள். இதை மனபிரமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நம்பாதவர் பயிற்சியைச் செய்ய மாட்டார். செய்யாத பயிற்சி வேலை செய்யாது.

நம் ஊரில் பிசியோவின் மீது நம்பிக்கை போனதற்கு ஒரு காரணம் உண்டு. "பத்து நாள் கரண்ட் வெச்சேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்லாத தோள்வலிக்காரரைப் பார்ப்பது கடினம். படுக்கவைத்துத் தோளில் இரண்டு பட்டை ஒட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, இருபது நிமிடம் கழித்து எழுப்பி அனுப்புவதை அவர் பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார். மேலே சொன்ன ஆய்வுகளில் பலன் தந்தது அது இல்லை. அங்கே மூன்று மாதம் தினமும் செய்யும் உடற்பயிற்சி இருந்தது. இதற்குப் பெரிய கூடம் தேவையில்லை. குனிந்து நின்று நல்ல கையை மேசையில் ஊன்றி, நோகும் கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டுவது. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் ஏறுவது. வாசல் நிலையில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் இழுத்து மறுகையை உயர்த்துவது. பிறகு முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கமும் உள்பக்கமும் இழுப்பது. சிறகெலும்பை இறுக்கிப் பிடிக்கும் முதுகுத் தசைகளுக்குத் தனிப் பயிற்சி. கிழிந்த ஒரு கயிற்றின் வேலையை மிச்சமுள்ள கயிறுகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் நடக்கிறது. ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் முறையாகச் சொல்லிக்கொடுத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால், குட்வில் எஸ்டேட்டின் வீட்டு வாசலிலேயே இதைச் செய்துவிடலாம்.

ஆனாலும், எல்லோரும் பயிற்சி செய்தால் போதும் என்று முடித்துவிட முடியாது. இங்கேதான் பின்லாந்தும் நார்வேயும் முரண்படுகின்றன. பின்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களின் 180 தோள்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: பயிற்சி மட்டும், எலும்பைச் செதுக்கிப் பயிற்சி, செதுக்கித் தைத்துப் பயிற்சி. ஓராண்டிலும் இரண்டாண்டிலும் மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நார்வேயில் 103 பேர். கிழிசல் 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டது. ஒரு பாதிக்குத் தையல், மறுபாதிக்குப் பயிற்சி. முதல் சில ஆண்டுகளில் தைத்தவர்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள், அவ்வளவே. ஆனால் 2019-ல் பத்தாண்டு முடிவு வந்தபோது இடைவெளி விரிந்திருந்தது. பயிற்சிக் கூட்டத்தில் நான்கில் ஒருவர் அளவுக்கு வழியிலேயே அறுவைக்கு மாறியிருந்தார்கள். தைக்காமல் விட்டதில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட கிழிசல்கள் ஐந்தாண்டிலேயே வளர்ந்திருந்தன.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒரு வழி தெரிகிறது. முடிவில் வயது ஒரு கணக்காக வந்தாக வேண்டும். 68 வயதில் இரவு வலி குறைந்து, தலைவாரி, சட்டை போட்டு, பேத்தியைத் தூக்க முடிந்தால் போதும் என்பவருக்குப் பத்தாண்டுக்குப் பிந்தைய வித்தியாசத்துக்காக இன்றைக்குக் கத்தி எடுப்பது தேவையற்றது. 48 வயதில், இன்னும் இருபது வருடம் தொரட்டி பிடிக்க வேண்டியவருக்கு, கிழிசல் வளரும் என்ற தகவல் மிகப் பெரியது. வலியே இல்லாத கிழிசல்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஏறக்குறைய பாதி பெரிதாகியிருந்தன. பெரிதான தோள்களில் வலியும் கூடவே வந்தது. ஆகவே பயிற்சியோடு நன்றாக இருக்கும் நடுவயதுக்காரர் ஸ்கேனைப் பீரோவில் பூட்டிவைத்து மறந்துவிடக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டில் அளவு பார்ப்பது செலவு குறைந்த காவல்.

ஊசி பற்றி இரண்டே வார்த்தை. ஒரு ஸ்டீராய்டு ஊசி, பயிற்சி செய்ய முடியாத அளவு வலி இருக்கும்போது சில வாரம் அவகாசம் வாங்கித் தரும். அதையே மாதத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது நாணைப் பலவீனப்படுத்தும், சர்க்கரையை ஏற்றும். அறுவைக்கு ஒரு மாதத்துக்குள் போட்டால் சீழ் பிடிக்கும் ஆபத்தும் கூடுகிறது.

அறுவையில் நடப்பதை அருகே நின்று பார்த்தால் எதிர்பார்ப்பு சரியான அளவுக்கு வரும். தோளைச் சுற்றிப் பென்சில் தடிமனில் சில துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். பிய்ந்த நாணின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, அது எலும்பு வரை வருகிறதா என்று சோதிக்கிறார்கள். எலும்பின் மேற்பரப்பை ரத்தம் கசியும்வரை சுரண்டுகிறார்கள். நூல் கோத்த சிறு ஆணிகளை எலும்பில் இறக்கி, அந்த நூலால் நாணைக் கட்டி அழுத்துகிறார்கள். தையற்காரர் வேலை அத்தோடு முடிந்தது. மீதி வேலை உடம்புடையது. நாண் எலும்போடு ஒட்டி வளர மாதங்கள் ஆகும். நான்கிலிருந்து ஆறு வாரம் கை தூளியில். பிறகு மெல்ல அசைப்பது. சுமார் மூன்றாம் மாதம் பலப் பயிற்சி. கனமான வேலை ஐந்தாறு மாதம் கழித்து. ஐந்து மாதம் தோப்புக்குப் போகாமல் வீடு தாங்குமா என்பதும் மருத்துவக் கேள்விதான். வலி போய்விட்டது என்று இரண்டாம் மாதமே கடப்பாரையில் தேங்காய் குத்துகிறவரின் தையல் பிரிந்துபோகும்.

பிரியாமலே இருந்தாலும் எல்லாம் ஒட்டுவதில்லை. திறந்து தைப்பதையும் துளைவழித் தையலையும் பிரிட்டனில் ஒப்பிட்டபோது பலனில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 40 சதவீதம் தையல்கள் ஸ்கேனில் முழுதாக ஒட்டியிருக்கவில்லை. அப்படி ஒட்டாதவர்களிலும் பலர் முன்னைவிட நன்றாகவே இருந்தார்கள். ஒட்டியவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள். வயது, கிழிசலின் அகலம், புகை, கட்டுப்பாடற்ற சர்க்கரை இவை தையலுக்கு எதிரிகள். அறுவை என்று முடிவான நாளிலேயே பீடியை நிறுத்துவது ஆணியைவிட முக்கியமானது. தைக்காமல், நாணுக்கு மேலே உள்ள எலும்பை மட்டும் செதுக்கிவிடும் அறுவையும் பல காலம் தாராளமாக நடந்தது. பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்து 2018-ல் வெளியான ஆய்வுகள், அது வெறும் கேமரா விட்டு எடுப்பதைவிடச் சொல்லும்படியான பலன் தரவில்லை என்று காட்டின. "சும்மா கொஞ்சம் க்ளீன் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் எதற்கு என்று கேட்பது நியாயம்.

விளையாட்டுக்காரர்களை உதாரணம் காட்டுவது வழக்கம். மரியா ஷரபோவா 2008-ல் வலியோடு பல மாதம் ஆடினார். கிழிசல் தெரிந்த பிறகும் முதலில் கத்தி இல்லாமல் முயன்று, முடியாமல் அக்டோபரில் அறுவை செய்துகொண்டார். ஒற்றையர் ஆட்டத்துக்குத் திரும்பியது 2009 மே மாதம். பிரெஞ்சு ஓப்பனை வென்றது 2012-ல். நம் அனில் கும்ப்ளே தோள் அறுவைக்குப் போனதால் 2001 ஆஸ்திரேலியத் தொடரில் இல்லை. 600-வது டெஸ்ட் விக்கெட்டை 2008 ஜனவரியில் பெர்த்தில் எடுத்தார். இருவரும் மீண்டார்கள் என்பது உண்மை. கூடவே முழுநேரப் பயிற்சியாளர்களும், வயதும், சம்பாதிக்காமல் மாதக்கணக்கில் இருக்கும் வசதியும் இருந்தன என்பதும் உண்மை. தேங்காய் உரிப்பவரின் தோளுக்கு அவர்களுடைய கால அட்டவணை பொருந்தாது.

காலம் கடந்துவிட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. தைக்க முடியாத கிழிசலோடு மூட்டும் தேய்ந்துபோன எழுபது வயதுக்காரருக்கு, பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைக்கும் 'ரிவர்ஸ்' மூட்டு உண்டு. 1980-களில் பிரான்சில் பால் கிராமோன் உருவாக்கிய இந்த யோசனை இன்று உலகெங்கும் நடைமுறை. தோளுக்குள் பலூன் வைக்கும் புதிய முறைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதைச் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வில் பலூன் வைத்தவர்கள் பின்தங்கியதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அது 2022-ல் வெளியானது.

தீவுக்கு வருவோம். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. 2015-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி அதோடு இணைந்தது. முதல் பரிசோதனையும், பயிற்சி கற்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் தீவிலேயே முடிய வேண்டிய வேலைகள். கடல் தாண்டித்தான் தைக்க வேண்டும் என்றால் கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டியவை உண்டு: ஆயுஷ்மான் பாரத் அட்டையில் இந்த அறுவையும் ஆணிகளின் விலையும் சேருமா, தையல் பிரித்ததும் எத்தனை நாளில் ஊருக்குக் கிளம்பலாம், மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் என்ன பயிற்சி என்று தாளில் எழுதித் தருவார்களா. தூளியில் கையோடு கப்பலின் செங்குத்துப் படியில் ஒற்றைக் கையால் ஏறி இறங்குவது விழுவதற்கான வழி. கூட ஒருவர் அவசியம். ஊர் திரும்பிய பிறகு கையைப் பார்க்கப்போவது தீவின் பிசியோதெரபிஸ்ட்தான். தைத்த மருத்துவரின் குறிப்பு அவர் கையில் இருக்க வேண்டும்.

ஊசல் பயிற்சி என்று மேலே சொன்னதற்கு மருத்துவத்தில் காட்மன் பயிற்சி என்று பெயர். பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் காட்மன்தான் கிழிந்த தோள் நாணைத் தைத்ததை 1911-ல் எழுதியவர். தோளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1934-ல் வந்தது. தைத்ததோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, ஓராண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று குறித்தார். தன் சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுப்போன 337 பேரையும், தன் தரப்பில் நடந்த 123 பிழைகளையும் அச்சிட்டே வெளியிட்டார். மருத்துவமனைகள் இப்படிக் கணக்கு வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியதற்காகச் சக மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்தார். எந்த மேசையில் படுப்பதற்கு முன்பும், குட்வில் எஸ்டேட்டிலிருந்து வந்தவர் அந்த அட்டையின் கேள்வியை மருத்துவரிடம் கேட்கலாம்: என் வயதில், என் அளவுக் கிழிசலோடு உங்களிடம் தைத்துக்கொண்டவர்கள் ஒரு வருடம் கழித்து என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்?